போஷ் பெயரோடு வந்த மீன் படம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் உள்ள ஒரு காகிதப் பாதுகாப்புக் கூடத்தில் பணிபுரிகிறேன். பழைய கடிதங்கள், நிலப்படங்கள், அச்சுப்படங்கள் எங்கள் மேசைக்கு வரும். பெரும்பாலானவை கிழிசலை ஒட்டி, கறையைக் குறைத்து, உரிய அட்டையில் பொருத்தித் திருப்பி அனுப்பக்கூடிய வேலைகள். இந்தத் தாள் அப்படி முடியவில்லை. காகிதத்தைத் தொடுவதற்கு முன்பே பல கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருந்தது. இதே துறையில் இருப்பவர்களுக்கும், வீட்டில் பழைய படம் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதிவைக்கிறேன். உரிமையாளர்கள் இசைவு தந்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

தாளைக் கொண்டுவந்தவர்கள் ஓர் அண்ணனும் தங்கையும். இருவரும் நடுவயதைக் கடந்தவர்கள். தந்தை இறந்தபின் வீட்டைக் காலி செய்தபோது, அவருடைய எழுதுமேசைக்கு மேலே பல காலமாகத் தொங்கிய படத்தைக் கழற்றி எடுத்திருந்தார்கள். சட்டத்தின் பின்பலகையில், பாட்டனார் கையெழுத்தில், ‘போஸ்’ என்று எழுதிய ஒரு சிறு சீட்டு ஒட்டியிருந்தது. ஹிரோனிமஸ் போஷ் என்ற பழைய நெதர்லாந்து ஓவியரின் பெயரை அப்படியும் எழுதுவதுண்டு; குடும்பத்தில் எல்லோரும் அதை ‘போஷ் வரைந்த மீன் படம்’ என்றே அறிந்திருந்தார்கள். பழம்பொருள் வணிகர் ஒருவர் நல்ல விலைக்கு வாங்க முன்வந்திருந்தார். தாளை வெளுப்பாக்க வேண்டும், வானப் பகுதியில் தெரியும் பழுப்புக் கறைகளைப் போக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அண்ணன் விற்றுவிடலாம் என்றார். தங்கைக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுப்பதற்கான காரணம் எதுவும் அவரிடம் இல்லை. “அப்பா இதை எப்போதும் வெயில் படாத சுவரில்தான் மாட்டுவார்” என்று மட்டும் சொன்னார்.

படம் என்ன காட்டுகிறது

கரையில் ஒரு ராட்சத மீன் கிடக்கிறது. தலைக்கவசம் அணிந்த ஒரு மனிதன், தன் உயரத்துக்கும் பெரிய ரம்பக் கத்தியால் அதன் வயிற்றைக் கிழிக்கிறான். கிழிந்த வயிற்றிலிருந்தும் திறந்த வாயிலிருந்தும் மீன்கள் சரிந்து விழுகின்றன. விழும் மீன்கள் பலவற்றின் வாயில் அவற்றைவிடச் சிறிய மீன்கள் இருக்கின்றன. மீனின் உடல்மேல் ஏணி சாத்தப்பட்டிருக்கிறது. ஒரு மரத்தில் மீன்கள் தொங்குகின்றன. மனிதக் கால்கள் முளைத்த ஒரு மீன், வாயில் இன்னொரு மீனைக் கவ்வியபடி நடந்துபோகிறது. கத்தியின் அலகில், சிலுவை சூடிய உருண்டை பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்கால ஐரோப்பாவில் அது உலகத்தைக் குறிக்கும் சின்னம். கிழிப்பவனின் கையில் இருப்பது உலகம் என்ற கத்தி.

முன்னால் ஒரு படகு. அதில் தந்தை ஒருவர் தன் மகனுக்கு இந்தக் காட்சியைச் சுட்டிக்காட்டுகிறார். ‘இதோ பார்’ என்று பொருள்படும் லத்தீன் சொல் அருகில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிறுவன் திரும்பி, அதே படகில் இருக்கும் மற்றொருவரைக் காட்டுகிறான். அவர் ஒரு மீனின் வயிற்றிலிருந்து சின்ன மீனை எடுத்துக்கொண்டிருக்கிறார். நெடுநேரம் பார்த்த பிறகுதான் இந்த இடம் என்னைப் பிடித்தது. கரையில் நடப்பதை மட்டும் பார்த்தால், பேராசை பிடித்தவர்களைப் பற்றிய கண்டனம் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். சிறுவனின் கையோ நம் படகுக்குள்ளேயே அது நடப்பதைக் காட்டுகிறது. நையாண்டியின் முழுக் கூர்மையும் அந்தக் கையில்தான் இருக்கிறது.

படத்தின் கீழே லத்தீனிலும் ஃபிளெமிஷ் மொழியிலும் வரிகள் உண்டு. பெரிய மீன்கள் சிறிய மீன்களைத் தின்னும் என்பதை நெடுங்காலமாகவே அறிவேன் என்று தந்தை மகனிடம் சொல்வதாக அமைந்தது ஃபிளெமிஷ் வரி. வலியவன் எளியவனை விழுங்கும் நிலையை நம் நாட்டு அரச நூல்கள் மீன் நியாயம் என்று குறித்ததால், தமிழ் வாசகருக்கும் இந்தப் படத்தின் கருத்துப் புதிதல்ல.

மேசையில் கண்டவை

சட்டத்தைப் பிரித்தவுடன் தெரிந்த முதல் செய்தி, தாள் தனியாக இல்லை என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ, யாரோ அதை மரக்கூழ் அட்டையில் முழுப்பரப்பும் படும்படி ஒட்டியிருந்தார்கள். மரக்கூழ் அட்டையில் அமிலம் ஊறும். ஒட்டியிருக்கும் காகிதத்துக்கும் அது மெல்லக் கடந்துவரும். தாள் பழுப்பேறியதற்கு முதன்மைக் காரணம் அதுவே. படத்தைச் சுற்றியிருந்த பழைய அட்டைச் சாளரத்தின் உள்விளிம்பு பட்ட இடத்தில், காப்பி நிறத்தில் ஒரு கோடு நான்கு பக்கமும் ஓடியது.

நாற்புறமும் விளிம்பு வெட்டப்பட்டிருந்தது. செப்புத்தகட்டிலிருந்து அச்சிடும்போது, உருளையின் அழுத்தத்தில் தகட்டின் ஓரம் தாளில் பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ளத்தின் சுவடு கீழ்ப்பக்கத்தில் மட்டும் எஞ்சியிருந்தது. வலது ஓரத்தில் ஒரு கிழிசல். அதன்மேல் மஞ்சளித்துப்போன ஒட்டுநாடா. நாடாவின் பசை காகிதத்துக்குள் இறங்கியிருந்தது.

பக்கவாட்டு ஒளியில் தாளின் மேற்பரப்பைப் படித்தோம். கந்தல் துணிக்கூழில் செய்த கையால் வார்த்த காகிதம்; கூழை வார்க்கும் சட்டத்தின் கம்பிக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. பின்னால் அட்டை இருந்ததால் ஒளியை ஊடுருவச் செய்து நீர்க்குறியை, அதாவது காகிதம் செய்தவர் தாளுக்குள் பதித்த அடையாளத்தை, பார்க்க அப்போது வழியில்லை.

அடுத்து, அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தோம். இந்த நிகழ்வின் திருப்பம் இங்கே நேர்ந்தது. காகிதம் வெளிர் நீலமாக ஒளிர்ந்தது. வானப் பகுதியில், வணிகர் ‘கறை’ என்று குறித்த இடங்கள் மட்டும் கறுப்பாக நின்றன. வெறும் கறையானால் ஓரம் மங்கிப் பரவியிருக்கும். இவை கோடுகளாக இருந்தன: மேலிருந்து கீழாக ஒரே சீரான இடைவெளியில், சில இடங்களில் வளைந்து, சில இடங்களில் தடித்து. ஒரு கண்ணாடியை எடுத்து எதிரே பிடித்துப் பார்த்த சகபணியாளர் “இவை எண்கள்” என்றார்.

தாளின் பின்புறத்தில் யாரோ இரும்பு மையால் எழுதியிருக்கிறார்கள். கடுக்காய்போலத் துவர்ப்புள்ள மாசிக்காய்களின் (ஓக் மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் புடைப்புகள்) சாறும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்யும் அந்த மைதான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்டது. காலப்போக்கில் அது காகிதத்தை அரித்து மறுபக்கம்வரை வந்துவிடும். புற ஊதா ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரிவதும் அதன் இயல்பு. அட்டைக்கும் படத்துக்கும் நடுவே ஒரு கணக்கு மறைந்திருந்தது.

பெயரைப் பற்றிய கேள்வி

படத்திலேயே ‘ஹிரோனிமஸ் போஸ்’ புனைந்தது என்று பொறித்திருக்கிறது. கூடவே ஆன்ட்வெர்ப் நகரப் பதிப்பாளர் ஹிரோனிமஸ் கோக் பெயரும் 1557 என்ற ஆண்டும் தகட்டைச் செதுக்கிய பீட்டர் வான் டெர் ஹைடனின் கூட்டெழுத்துக் கையொப்பமும் உள்ளன. ஹிரோனிமஸ் போஷ் 1516-இல் இறந்துவிட்டார். தகடு வெட்டப்பட்டது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து. ஒரு பழைய போஷ் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கியிருக்கலாமே என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை வியன்னாவில், அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தத் தகட்டுக்கான மூலக் கோட்டோவியம் அங்கேதான் உள்ளது. 1556 என்ற ஆண்டும் ஓவியர் பீட்டர் ப்ரூகலின் கையொப்பமும் அதில் உண்டு. செதுக்கிய படம் அதற்கு இடவலம் மாறியது. ஓவியத்தை நேராகத் தகட்டுக்கு மாற்றி அச்சிட்டால் அப்படித்தான் வரும்.

ப்ரூகல் 1551-இல் ஆன்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தவர். இத்தாலிக்குப் போய்த் திரும்பியதும் கோக்கின் ‘நான்கு காற்றுகள்’ பதிப்பகத்துக்கு அச்சுப்பட வடிவமைப்புகள் செய்துகொடுத்தார். 1557-இல் அவர் இன்னும் பெரும் பெயர் எடுக்கவில்லை. போஷ் பாணிப் படங்களுக்கோ சந்தையில் நல்ல வரவேற்பு. பதிப்பாளர் விற்பனைக்காகவே போஷின் பெயரைப் போட்டார் என்பதுதான் கலை வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கொள்ளும் கருத்து. பேராசையைக் கண்டிக்கும் படத்தின் மீதே வணிகக் கணக்கோடு ஒரு பெயர் ஏறியது.

இதை உரிமையாளர்களிடம் சொல்வதில் நிதானம் வேண்டும் என்று கருதினோம். ‘போஷ் இல்லை’ என்று சொன்னால் அவர்கள் காதில் ‘போலி’ என்று விழும். இது போலி அல்ல. பொறித்த பெயரும் படத்தின் வரலாற்றில் ஒரு பகுதியே. ப்ரூகல் என்ற பெயரும் எந்த விதத்திலும் சிறியதல்ல. பெரிய அச்சுப்படத் தொகுப்புகளில் இந்தப் படத்தின் பிரதிகள் உண்டு. ஆகவே உலகத்தில் ஒன்றே ஒன்று என்ற எண்ணத்தையும் விட வேண்டியிருந்தது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. தகட்டில் இருக்கும் 1557 தகடு வெட்டிய ஆண்டு; தாள் அச்சான ஆண்டு அல்ல. கோக் 1570-இல் இறந்தபின் அவர் மனைவி ஃபோல்க்ஸ்கென் டீரிக்ஸ் பல ஆண்டுகள் பதிப்பகத்தை நடத்தினார். நல்ல தகடு கைமாறிக்கொண்டே இருக்கும், அச்சேறிக்கொண்டே இருக்கும். செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறையும் மையைத் தடவித் துடைத்து அழுத்தும்போது, மெல்லிய கோடுகள் முதலில் தேயும். அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் தொடக்கக்காலப் பிரதிகளோடு எங்கள் தாளை உருப்பெருக்கி வழியே ஒப்பிட்டோம். மீனின் உடலில் இருக்கும் ஆழமான வரிகள் கறுப்பாக நின்றன. நீரின் அலைகளும் தொலைவின் நுண்கோடுகளும் சாம்பல் நிறமாகி, இடையிடையே அறுந்திருந்தன. தேய்ந்த தகட்டின் பிற்கால அச்சு என்பதில் எங்களுக்கு ஐயம் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, வணிகர் கேட்டபடி முழுத்தாளையும் நீரில் இட்டு அலசி, தேவைப்பட்டால் வெளுப்பது. அச்சுப்படங்களைப் பொறுத்தவரை அலசுவது தவறான செயல் அல்ல. அச்சு மை கரியும் எண்ணெயும் சேர்ந்தது; நீரில் கரையாது. அமிலமும் பழுப்பும் வெளியேறும். பின்பக்கத்துக் கணக்கு இல்லையென்றால் நானே அலசுவதைப் பரிந்துரைத்திருப்பேன். இரும்பு மைக்கோ ஈரம் பகை. மையில் பிணையாமல் நிற்கும் இரும்பு அயனிகள் நீரோடு சேர்ந்து நகர்ந்து, எழுத்தைச் சுற்றியுள்ள நல்ல காகிதத்துக்கும் அரிப்பைக் கொண்டுபோகும். அந்த அயனிகளைக் கண்டறிய, நெதர்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு சோதனைத்தாள் இருக்கிறது. லேசாக ஈரப்படுத்தி எழுத்தின்மேல் ஒற்றினால், அயனி இருக்கும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். வானத்தில் மை ஊடுருவியிருந்த ஓர் ஓரத்தில் அதை ஒற்றினோம். நன்றாகச் சிவந்தது. முதல் வழி அத்தோடு முடிந்தது. வெளுப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்றிருக்க மாட்டேன். நானூறு ஆண்டுத் தாளைப் புதுத் தாள்போல் காட்டுவது அதன் வலுவைக் கெடுப்பதோடு, பார்ப்பவரையும் ஏமாற்றும்.

இரண்டாவது, எதையும் தொடாமல் நல்ல சட்டத்தில் மீண்டும் வைப்பது. அட்டையின் அமிலம் உள்ளேயே இருக்கும் என்பதால் அதை ஏற்கவில்லை.

மூன்றாவது வழியைத் தேர்ந்தோம்: அட்டையை முடிந்தவரை உலர் முறையில் உரிப்பது, எழுத்து இல்லாத இடங்களில் மட்டும் மிகக் குறைந்த ஈரம், எழுத்தை அப்படியே காப்பது, நாடாவை நீக்குவது, கறையை ஏற்பது. இதனால் தாள் அழகாகாது. விலையும் ஏறாது. இதை எழுத்தில் தந்து, அண்ணன் தங்கை இருவரையும் ஒரே நேரத்தில் வரவழைத்துப் பேசினோம்.

அந்தச் சந்திப்பு சுலபமாக இல்லை. போஷ் அல்ல என்றதும் அண்ணனின் முகம் வாடியது. எழுத்தை நீக்க முடியாதா என்று மறுபடியும் கேட்டார். புற ஊதாப் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு அவர் முன் வைத்தேன். எண்களையும் அரைகுறைப் பெயர்களையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இதை எழுதியவருக்கும் இது தேவையாக இருந்திருக்கிறது, அல்லவா?” என்றார். தங்கை எதுவும் சொல்லவில்லை. இருவரும் மூன்றாவது வழிக்குக் கையொப்பமிட்டார்கள்.

பணி

படத்தின் முகத்தை மென்தாளால் காத்து, குப்புற வைத்து, அட்டையை மெல்லிய தகட்டுக் கரண்டியால் அடுக்கடுக்காக உரித்தோம். அட்டையின் பெரும்பகுதி உலர்ந்த நிலையிலேயே இழைகளாக வந்துவிட்டது. கடைசி அடுக்கும் பசையும்தான் சோதனை. பசை விலங்குத்தோலில் செய்தது; ஈரத்துக்கு இளகும். எழுத்து இல்லாத பகுதிகளில் மட்டும், தபால்தலை அளவுக்குச் சிறு சிறு சதுரங்களாக மெத்தில் செல்லுலோஸ் கூழைத் தடவி, பசை இளகியதும் சுரண்டி எடுத்து, உடனே ஒற்றுத்தாள் வைத்து உலர்த்தினோம். எழுத்து ஓடும் இடங்களில் ஈரத்தைக் காட்டவே இல்லை. அங்கே அட்டையின் மெல்லிய படலம் இன்றும் இருக்கிறது. அதை எடுக்க முயன்றால் அரிபட்ட காகிதமும் கூடவே வந்துவிடும்.

வெளிப்பட்ட எழுத்தைக் கையெழுத்துகளைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆவணக் காப்பாளர் பார்த்தார். எழுத்தின் பாணியை வைத்துப் பதினேழாம் நூற்றாண்டு என்று மதிப்பிட்டார். பெயர்கள், எதிரே கில்டர் நாணயத்தில் தொகைகள், கீழே ஒரு கூட்டல். விளிம்பை வெட்டியவர் பெயர்களில் பாதியை வெட்டியிருந்தார். கடனா கூலியா என்பதைத் தீர்மானிக்க முடியவில்லை என்று அவர் எழுதிக்கொடுத்தார். அதை அப்படியே கோப்பில் வைத்தோம்.

அட்டை போனபின் ஒளி ஊடுருவியது. நீர்க்குறியின் ஒரு பகுதி தெரிந்தது. முழு வடிவம் இல்லாததால் அதை வைத்து ஆண்டு சொல்லவில்லை. நாடாவின் மேல்தாள் இளஞ்சூட்டில் பிரிந்தது. எஞ்சிய பசையை ரப்பர் துண்டால் உருட்டி எடுத்தோம். உள்ளே இறங்கிய மஞ்சள் அப்படியே இருக்கிறது. கிழிசலைப் பின்னாலிருந்து ஜப்பானிய மல்பெரிக் காகிதத்தாலும் கோதுமை மாவுப் பசையாலும் இணைத்தோம். மைக்கு அருகில் இருந்த விரிசல்களுக்கு, முன்பே ஜெலட்டின் தடவி உலரவைத்த மென்தாளை மிகக் குறைந்த ஈரத்தில் ஒட்டினோம். ஜெலட்டின் இரும்பு அயனிகளைப் பிடித்துவைக்க உதவும் என்பதால் இரும்பு மை ஆவணங்களுக்கு அதை விரும்புகிறோம்.

பிறகு நடந்தது

எங்கள் அறிக்கையில் படத்தின் விவரம் இவ்வாறு எழுதப்பட்டது: ப்ரூகல் வடிவமைத்து, வான் டெர் ஹைடன் செதுக்கி, கோக் பதிப்பித்த 1557-ஆம் ஆண்டுத் தகட்டின் பிற்கால அச்சு; தகட்டில் போஷ் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது; விளிம்பு வெட்டப்பட்டது; பின்புறம் கைக்கணக்கு. வணிகரிடம் அதன் பிரதியைக் காட்டியபோது, அவர் முன்பு சொன்ன விலையிலிருந்து வெகுவாக இறங்கினார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. பிற்கால அச்சுக்கு உரிய விலையைத்தான் சொன்னார். அண்ணன் ஒருமுறை எங்களைத் தொலைபேசியில் அழைத்து, அறிக்கையில் ‘பிற்கால’ என்ற சொல்லை நீக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றதும் வற்புறுத்தவில்லை.

கடைசியில் வேறொரு மதிப்பீட்டாளரிடம் விலை கேட்டு, அதில் பாதியைத் தங்கை அண்ணனுக்குக் கொடுத்துப் படத்தை வைத்துக்கொண்டார். பருத்தி அட்டையில் இரு பக்கமும் பார்க்கும்படி சாளரம் வெட்டித் தரச் சொன்னார், செய்துகொடுத்தோம். சட்டத்தில் புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு. மாட்டும் இடத்தில் ஒளி 50 லக்ஸைத் தாண்டக் கூடாது என்றதும், தந்தை மாட்டியிருந்ததைப் போலவே வெயில் படாத சுவர் ஒன்றைத் தேர்ந்தார். அடுத்த பரிசோதனைக்குத் தாள் வந்தபோது மையின் அருகே புதிய விரிசல் எதுவும் இல்லை.

நடைமுறையில் மாற்றியவை

சட்டத்திலிருந்து எடுத்த எந்த அச்சுப்படத்துக்கும், செலவு மதிப்பீடு கொடுப்பதற்கு முன்பே முகப்பக்கத்தைப் புற ஊதா ஒளியில் படமெடுப்பது இப்போது எங்கள் கூடத்தின் விதி. முன்பெல்லாம் சிக்கலான தாள்களுக்கு மட்டும் செய்துவந்தோம். அட்டையில் ஒட்டிய தாளில் பின்புறம் என்ன இருக்கிறது என்பது தெரியாதவரை, அலசுதல் என்ற சொல்லே மதிப்பீட்டில் இடம்பெறாது.

படம் யாருடையது, எப்போதைய அச்சு என்ற அறிக்கையையும் பராமரிப்புச் செலவுத்தாளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டோம். முதலாவது முதலில் போகும். அதைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே வேலையைப் பற்றிய பேச்சு. சொத்து பலருக்கு உரியது என்றால், அத்தனை பேரும் ஒரே சந்திப்பில் இருக்க வேண்டும். தனித்தனியாகச் சொன்னால் ஒருவர் கேட்டது மற்றவரிடம் வேறாகப் போய்ச் சேருகிறது.

வாங்க விரும்புபவரின் நிபந்தனைகளை உரிமையாளர் வழியாக ஏற்பதையும் நிறுத்தியிருக்கிறோம். அவை எழுத்தில், வாங்க விரும்புபவரின் கையொப்பத்தோடு, தனித்தாளில் வர வேண்டும். பராமரிப்புக் குறிப்பில் அவை இடம்பெறா. சட்டங்களின் பின்பலகையிலிருந்து கழற்றும் சீட்டுகளை, அவற்றில் எழுதியிருப்பது தவறாக இருந்தாலும், பாலியெஸ்டர் உறையிலிட்டு உரிமையாளரிடமே திருப்பித் தருகிறோம். எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பும் உறையின்மேல் இருக்கும்.